277 பேரின் பெயர்கள் எங்கே?

வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு பதிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர்நீத்தார்கள் என்பதே அதன் ஆங்கில வாசகம் தெரிவிக்கும் செய்தி. இறந்த 14 பேரில் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. திரும்பி வந்த 263 பேரின் பெயரும் இல்லை.

அதே போர் முடிந்ததும் இங்கிலாந்தில் ஊர்தோறும் நினைவுச் சின்னங்கள் எழுந்தன. தேவாலய முற்றத்தில் ஒரு கற்சிலுவை, சந்தை வெளியில் ஒரு தூண், பள்ளிச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு என அவற்றின் வடிவங்கள் பல. ஆனால், பெரும்பாலானவற்றில் பெயர்கள் இருந்தன. நூறாண்டுகளுக்குப் பிறகு அங்குள்ள உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களுக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. பட்டியலில் உள்ள முப்பது பெயர்களில் இருபத்தெட்டு பேர் யார், எங்கே மாண்டார்கள் என்று சொல்லிவிட முடிகிறது. மீதி இரண்டு பேர் யாரென்றே தெரிவதில்லை. பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம். வேலூரிலோ ஆட்கள் இருந்திருக்கிறார்கள், பெயர்களைக் காணோம்.

இவ்விரு தேடல்களும் ஒன்றுக்கொன்று தலைகீழானவையாகத் தோன்றலாம். பொருளாதார வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், இரண்டும் ஒரே தேடல்தான் என்பது என் கருத்து. அங்கே விடை எப்படிக் கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், இங்கே எங்கே தேட வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

பெயர் மட்டும் போதாது

பிரிட்டனின் ஊர் நினைவுச் சின்னங்களை அரசு எழுப்பவில்லை. ஊர்மக்களே குழு அமைத்து, நன்கொடை திரட்டி, பெயர்களைச் சேகரித்து, கல்தச்சரிடம் கொடுத்தார்கள். யாருடைய பெயரைச் சேர்ப்பது என்பதற்குப் பொதுவிதி எதுவும் இல்லை. ஓர் ஊர் அங்கே பிறந்தவர்களை மட்டும் சேர்த்தது. இன்னோர் ஊர் அங்கே வேலை பார்த்தவர்களையும் சேர்த்தது. மகனை இழந்த தாய் வேறு ஊரில் குடியேறியிருந்தால், மகன் ஒருபோதும் கால் வைக்காத அந்த ஊரின் கல்லில் அவன் பெயர் ஏறியது. ஒரே ஆளின் பெயர் தேவாலயம், பள்ளி, தொழிற்சாலை என மூன்று இடங்களில் இருப்பதும் உண்டு. எங்குமே இல்லாமல் போவதும் உண்டு.

ஒரு பெயர் அடையாளம் காண முடியாததாக ஆவதற்குக் காரணங்கள் பல. வீட்டில் அழைத்த செல்லப்பெயரைக் குடும்பத்தார் கொடுத்திருப்பார்கள். ராணுவத்தில் வேறு பெயர் இருக்கும். வயது போதாத சிறுவன் புனைபெயரில் சேர்ந்திருப்பான். பிழைப்பு தேடி கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனவர் அந்நாட்டுப் படையில் சேர்ந்து இறந்திருப்பார். காயத்தோடு ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து மாண்டவரை ஊர் தன் கணக்கில் சேர்த்திருக்கும், அரசு சேர்த்திருக்காது. முதல் உலகப் போருக்கு அரசின் கணக்கு 1921 ஆகஸ்ட் 31-ஆம் நாளோடு முடிந்துவிடுகிறது. இவை போதாவென்று கல்தச்சரின் எழுத்துப் பிழையும் சேர்ந்துகொள்ளும்.

'ஜே. ஸ்மித்' என்று ஒரு கல்லில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். அவர்களில் இந்த ஊர்க்காரர் யார்? கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இதற்கு விடை கிடைக்காது.

கணக்கேடு காட்டும் வழி

விடை கிடைக்கும் இடம் பெரும்பாலும் பணக் கணக்கு. இது பலருக்கும் வியப்பளிக்கும். பொருளாதார மாணவருக்கு வியப்பளிக்காது.

பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணி ஆவணங்களில் சுமார் 60 விழுக்காடு 1940 செப்டம்பரில் லண்டன் ஆவணக் கிடங்கின்மேல் விழுந்த ஜெர்மானிய குண்டுகளால் எரிந்துபோயின. ஆனால், இறந்த சிப்பாய்க்குச் சேர வேண்டிய பணத்தின் கணக்கு தனியே இருந்தது. சம்பள பாக்கி எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தார்கள், அவர் தாயா மனைவியா சகோதரியா என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் உள்ளன. போர் முடிந்தபின் வழங்கப்பட்ட பணிக்கொடைத் தொகையும் அதில் பதிவாகியிருக்கிறது. அத்தொகை பணிக்காலத்தைப் பொறுத்தது. முதல் ஆண்டுக்குப் பின் ஒரு சாதாரண சிப்பாய்க்கு ஒவ்வொரு மாதத்துக்கும் 10 ஷில்லிங் கூடும். ஆகவே, தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் அவர் எந்த மாத வாக்கில் படையில் சேர்ந்தார் என்பதே தெரிந்துவிடும். எரிந்துபோன ஆவணம் சொல்ல வேண்டியதை ஒரு தொகை சொல்லிவிடுகிறது.

அடுத்தது ஓய்வூதிய அட்டைகள். கைம்பெண்களுக்கும் பெற்றோருக்கும் காயமுற்றவர்களுக்கும் பணம் கொடுப்பதற்காக எழுதப்பட்டவை அவை. இனித் தேவையில்லை என்று அழிவை எதிர்நோக்கியிருந்த அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை 2012-இல் ஓர் அமைப்பு கேட்டு வாங்கிக் காப்பாற்றியது. வெஸ்டர்ன் ஃபிரன்ட் அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு அது. யாரென்று தெரியாதிருந்த பெயர்கள் பலவற்றுக்கு இன்று அந்த அட்டைகளில் முகவரி கிடைக்கிறது. இவற்றோடு 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1918-இல் வெளியூரில் இருந்த வாக்காளர்களுக்காகத் தயாரித்த பட்டியல், உள்ளூர் நாளிதழ்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒன்றையொன்று சாராத இரண்டு ஆவணங்களாவது பொருந்தினால்தான் 'இவர்தான் அவர்' என்று முடிவுசெய்கிறார்கள்.

ஆக, ஒருவரை நூறாண்டு கழித்தும் கண்டுபிடிக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் கல் அன்று. அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அரசு பணம் கடன்பட்டிருந்தது, அந்தக் கடனை ஓர் எழுத்தர் பெயர் சொல்லி எழுதிவைத்தார் என்பதே காரணம்.

பெயருக்கும் எண்ணுக்கும் இடையே

இதை மனத்தில் கொண்டு நம் பக்கம் திரும்புவோம். முதல் உலகப் போருக்காக இந்தியாவில் திரட்டப்பட்டோர் 14 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 5.6 லட்சம் பேர் துப்பாக்கி ஏந்தாதவர்கள்: சுமை தூக்கியோர், கழுதை ஓட்டியோர், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், சாலை போட்ட தொழிலாளர். இறந்தவர்களாக ஆணையம் கணக்கில் கொண்டிருப்போர் சுமார் 74,000. இருபதில் ஒருவர். வேலூர்க் கல்வெட்டின் 277-இல் 14 என்பதும் ஏறத்தாழ அதே விகிதம்தான்.

இறந்தோர் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நினைவுகூரப்பட வேண்டும். பதவி, இனம், மதம் என்ற வேறுபாடு கூடாது. 1917-இல் தொடங்கப்பட்ட ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை இது. இக்கொள்கை ஐரோப்பாவில் பெரும்பாலும் காக்கப்பட்டது. பிரான்சின் நியூவ் ஷாப்பெல் நினைவிடம் 1927-இல் திறக்கப்பட்டபோது, கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர், தொழிலாளர் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1929-இல், இராக்கின் பாஸ்ராவில் இன்னொரு நினைவிடம் திறக்கப்பட்டது. அங்கே பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் கல்லில் ஏறின. பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் ஓர் எண்ணிக்கையும் மட்டுமே கிடைத்தன.

ஒரே ராணுவம், ஒரே ஆணையம், இரண்டு ஆண்டு இடைவெளி. பெயரா எண்ணா என்பது தகவல் இல்லாமையால் மட்டும் நேர்ந்ததன்று, ஒரு முடிவால் நேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாஸ்ராவில் பொறிக்கப்படாத பெயர்கள் ஏடுகளில் இருந்தன. ஆகவே இன்று அவற்றை மீட்க முடிகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுமைதூக்கிகள் பலருக்கு அந்த ஏடும் இல்லை.

2021 ஏப்ரலில் ஆணையமே தன் குழுவின் அறிக்கையை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டுள்ளனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை அல்லது முற்றிலும் விடுபட்டுள்ளனர் என்பது அறிக்கையின் மதிப்பீடு. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

எண் என்பது பட்டியலின் கடைசி வரி

வேலூர்க் கல்வெட்டு ஆணையத்தின் பணி அன்று. இந்தியாவின் பல பகுதிகளில் இதே வாசகம் கொண்ட பலகைகள் உள்ளன. ஊர்ப்பெயருக்கு ஓரிடம், சென்றோர் எண்ணிக்கைக்கு ஓரிடம், இறந்தோர் எண்ணிக்கைக்கு ஓரிடம் என்று நிரப்பிக்கொள்ளும் படிவம் போன்றது அது. அக்காலத்திலேயே நகராட்சியாக இருந்த வேலூரைக் கல்வெட்டு 'கிராமம்' என்று குறிப்பதே, வாசகம் ஊருக்காக எழுதப்பட்டதன்று என்பதைக் காட்டிவிடுகிறது.

ஆனால், அந்தப் படிவத்தை நிரப்பிய எண்கள் எங்கிருந்து வந்தன? ஓர் எண்ணிக்கை தானாக உருவாகாது. 'சுமார் 300' என்று இருந்தால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னார் எனலாம். 277 என்பது எண்ணி எழுதியது. எண்ணியவர் கையில் பெயர்கள் இருந்திருக்க வேண்டும். எண் என்பது ஒரு பட்டியலின் கடைசி வரி. கடைசி வரியைக் கல்லில் வெட்டிவிட்டு, பட்டியலை ஏதோ ஓர் அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இது வெறும் ஊகமன்று என்பதற்குப் பஞ்சாப் சான்று. போர் முடிந்ததும் அம்மாகாண அரசு, எந்தக் கிராமத்திலிருந்து யார் சென்றார், தந்தை பெயர் என்ன, எந்தப் படைப்பிரிவு என்று ஊர்வாரியாக எழுதிவைத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தன. சுமார் 26,000 பக்கங்கள். ஏறத்தாழ 3,20,000 பேர். அவற்றை மின்னணு வடிவுக்கு மாற்றும் பணி தொடங்கி, முதல் பகுதி 2021-இல் இணையத்தில் வெளியானது. தாத்தாவின் தந்தை யாரென்று தெரியாதிருந்த குடும்பங்கள் ஊர்ப்பெயரைக் கொண்டு அவரைத் தேட முடிகிறது.

வேலூரின் பதினான்கு பேரை எப்படித் தேடுவது?

முதற்படி எளிது. ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியவை கூடுதல் குறிப்பாக உள்ளன. வேலூர், வட ஆற்காடு என்ற சொற்களைப் பல்வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன் படையில் சேர்ந்தவரின் 'வட ஆற்காடு' இன்று ஆந்திரத்தில் இருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது தடை, நம் பெயர் முறை. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. முன்னெழுத்து தந்தையைக் குறிக்கும். முனுசாமி, முனிசாமி, முனியசாமி ஆகிய மூவரும் ஓர் எழுத்தரின் கையில் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒரே முனுசாமி மூன்று எழுத்தர்களின் கையில் மூன்று பேராகிவிடுவார். எனவே பெயரைவிடப் படைப்பிரிவும் பணி எண்ணுமே உறுதியான அடையாளங்கள். சென்னை மாகாணத்தார் சேர்ந்த பிரிவுகள் அறியப்பட்டவையே. மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையினர் மெசபடோமியாவில் பணியாற்றினர். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படை, 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய படையில் இருந்தது.

மூன்றாவது, ஆவணக் காப்பகங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் போர்க்கால, போருக்குப் பிந்தைய கோப்புகள், பழைய மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவுகள், கருவூலங்களின் ஓய்வூதியக் கணக்குகள், பெங்களூரிலும் வெலிங்டனிலும் உள்ள படைப்பிரிவு மையங்கள் ஆகியவை முறைப்படி அணுகத்தக்க இடங்கள். பிரிட்டனில் கல்லுக்கு விடை சொன்னது பணக் கணக்கு என்றால், இங்கும் அதையே முதலில் கேட்க வேண்டும். அலுவலகம் இடம் மாறும்போதும் கட்டடம் இடிக்கப்படும்போதும் பழைய பேரேடுகள் எடைக்குப் போவதைத் தடுப்பது இத்தேடலின் முதல் நிபந்தனை.

நான்காவது, வீடுகள். போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பணி எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். படைவீரருக்கு வெள்ளிப் பதக்கம் தந்த அரசு, தொழிலாளர் படையினருக்கு அதையே வெண்கலத்தில் தந்தது. இறந்தவரின் குடும்பத்துக்குச் சுமார் 12 செ.மீ. விட்டமுள்ள வெண்கலத் தகடு ஒன்றும் அனுப்பப்பட்டது; பதவி எதுவும் குறிக்காமல் பெயர் மட்டும் அதில் இருக்கும். பழைய டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ அப்படி ஒன்று இருந்தால், காய்லான் கடைக்குப் போகும் முன் அதன் விளிம்பைப் படித்துப் பாருங்கள்.

இத்தேடலைத் தனிமனிதரால் முடிக்க இயலாது. ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் இரண்டு ஆண்டுகள் முயன்றால் பாதித் தொலைவாவது கடக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: ஐயமிருந்தால் இடத்தைக் காலியாக விட வேண்டும். பிழையான பெயரை எழுதுவது, ஒரு குடும்பத்துக்கு உரியவரை எடுத்து இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பதாகும்.

ஏன் தேட வேண்டும்?

அந்நியப் பேரரசுக்காகப் போரிட்டவர்களை நாம் ஏன் நினைவுகூர வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. 1914-இல் ஒரு காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். பேரரசின் மீதான பற்று எத்தனை பேரை அழைத்துச் சென்றது, அந்தப் பதினொரு ரூபாய் எத்தனை பேரை அழைத்துச் சென்றது என்பதைப் பொருளாதாரம் படித்தவர் யாரும் எண்ணிப் பார்ப்பார். பிழைப்புக்காக வெளியூர் சென்று இறந்தவர்கள் என்றே நான் அவர்களைப் பார்க்கிறேன். அவர்களைத் தேடுவது பேரரசுக்குச் செலுத்தும் மரியாதை ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு. மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகளில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் கணிசமாகச் சேர்ந்தார்கள். நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்குப் பட்டாவும் பத்திரமும் முன்னோர் பெயரைச் சொல்லும். நிலமற்றவருக்கு அப்படி எதுவும் இல்லை. நூறாண்டுக்கு முந்தைய தம் முன்னோர் ஒருவரைத் தந்தை பெயரோடும் ஊரோடும் எழுதிவைத்த ஒரே காகிதம், அவர்களில் பலருக்கு ராணுவப் பதிவேடாகவே இருக்கக்கூடும். அதைத் தொலைப்பது ஒரு குடும்பத்தின் எழுதப்பட்ட வரலாறு முழுவதையும் தொலைப்பதாகும்.

தமிழ் மண்ணுக்குப் பெயர் எழுதும் வழக்கம் புதிதன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழைமையுடைய நடுகல் ஒன்று, கூடல் ஊர் ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. பல்லவர் காலச் செங்கம் நடுகற்கள், அரசனின் ஆட்சியாண்டு, ஊர், பூசல், மாண்டவன் பெயர் என அனைத்தையும் பதிவு செய்கின்றன. மாடு மீட்கப் போய் இறந்தவனுக்கு அன்றைய ஊர் செய்ததை, கடல் கடந்து இறந்த 14 பேருக்கு இருபதாம் நூற்றாண்டின் கல்வெட்டு செய்யவில்லை. அந்தக் குறையை இன்று நாம் சரிசெய்ய முடியும். மணிக்கூண்டின் அருகே 14 வரிகள் கொண்ட ஒரு சிறிய பலகையை வைத்து, உறுதியாகத் தெரிந்த முதல் பெயரை எழுதித் தொடங்கலாம். மீதி வரிகள் காலியாகவே இருக்கட்டும். கடந்து செல்லும் யாரேனும் ஒருவர் அந்தக் காலியிடத்தைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டுப் பரணில் தேடிப் பார்க்கக்கூடும்.